மான் தீவின் மலைப்பாதையும் இரண்டு சில்லுகளும்

மான் தீவு என்றதும் புள்ளிமான் துள்ளும் கானகம் ஒன்றை வாசகர்கள் மனத்திற் கற்பனை செய்துகொள்ள வேண்டா. இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடையே, ஐரிஷ் கடலின் நடுவில், ஏறக்குறைய 572 சதுர கிலோமீற்றர் பரப்புடன் கிடக்கும் சிறு தீவு அது. அங்கே மானுக்குப் பெயரில்லை. வாலில்லாப் பூனைக்கே பெயர். ஆயினும் ஆண்டுதோறும் மே மாத இறுதியிலும் யூன் மாதத் தொடக்கத்திலும் பல்லாயிரவர் அத்தீவை நாடிச் செல்வது பூனையைக் காண்பதற்கன்று. மோட்டார்ச் சைக்கிளைக் காண்பதற்கே.

2024 ஆம் ஆண்டு, அவ்விழாக் காலத்தில் அத்தீவுக்குச் செல்லும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. எமது தமக்கையாரின் மகன் இங்கிலாந்தின் வடபகுதியில் தொழில் பார்ப்பவன், இருபத்தாறு வயதினன், ஆயிரம் கன சென்ரிமீற்றர் எஞ்சின் பூட்டிய பந்தய வகை மோட்டார்ச் சைக்கிள் ஒன்றுக்கு உடையவன். கல்லூரி விடுமுறையில் அவனுடன் தங்கியிருந்த எம்மிடம் தமக்கையார் தொலைபேசியிற் சொன்னது இவ்வளவே: "தம்பி, அவன் அந்தத் தீவுக்குப் போகாமல் இருக்கமாட்டான். நீயும் கூடப் போ. போன பிள்ளையைப் போனபடி கொண்டுவந்து சேர்." இந்தப் பொறுப்பைச் சுமந்துகொண்டே நாம் கப்பலேறினோம்.

ஹீஷம் துறைமுகத்திலிருந்து தீவின் தலைநகராகிய டக்ளசுக்கு ஏறக்குறைய நான்கு மணி நேரக் கடற்பயணம். 1830 ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற கப்பற் கம்பனியொன்று இன்றும் இச்சேவையை நடத்துகின்றது. கப்பலின் அடித்தளத்தில் நூற்றுக்கணக்கான மோட்டார்ச் சைக்கிள்கள் கயிற்றாற் கட்டுண்டு, கொட்டிலில் நிற்கும் குதிரைகள்போல நெருங்கி நின்றன. தீவை நெருங்கியபோது மலைமுகட்டை வெண்மூடுபனி போர்த்திருந்தது. மனனான் என்னும் கடற்றெய்வம் பகைவர் கண்ணிற் படாதவாறு தன் போர்வையால் தீவை மூடிவிடுகிறான் என்பது அத்தீவாரின் பழங்கதை. அப்போர்வைக்கும் எமது மருமகனின் டயருக்கும் உள்ள தொடர்பை நாம் பின்னரே அறிந்தோம்.

மான் தீவு பிரித்தானிய முடிக்கு உட்பட்டதாயினும் ஐக்கிய இராச்சியத்தின் பகுதியன்று. 'டின்வால்ட்' எனப்படும் அதன் பாராளுமன்றம் ஆயிரம் ஆண்டுப் பழைமையுடையதெனப் பெருமை கொள்வது. பந்தயம் இங்கு வந்து குடியேறியதற்கும் அப்பாராளுமன்றமே காரணம். 1903 ஆம் ஆண்டுச் சட்டப்படி அக்காலப் பிரித்தானிய வீதிகளில் மணிக்கு 20 மைலுக்கு மேற் செல்லலாகாதிருந்தது. பந்தயத்துக்காகப் பொது வீதியை மூடுவதற்கும் அன்று அங்கே இடமிருக்கவில்லை. மான் தீவினரோ 1904 இல் தனிச் சட்டம் இயற்றி, வீதிகளை மூடிப் பந்தயம் நடத்த வழி செய்தனர். 1907 இல் சென்ற் ஜோன்ஸ் என்னும் ஊரைச் சுற்றி முதலாவது 'ரூரிஸ்ற் டிரோபி' மோட்டார்ச் சைக்கிள் ஓட்டம் நடந்தது. அதில் ஒற்றைச் சிலிண்டர் வகுப்பில் வென்ற சார்லி கொலியரின் சராசரி வேகம் மணிக்கு 38 மைல். 1911 முதல் ஸ்னேபெல் மலையைச் சுற்றும் பெரும்பாதை வழக்கில் வந்தது. அதன் நீளம் 37.73 மைல், வளைவுகள் 200க்கு மேல். 1957 இல் பொப் மக்கின்ரயர் அச்சுற்றை மணிக்கு 100 மைல் வேகத்துக்கு மேல் ஓடிய முதல்வரானார். 2023 இல் பீற்றர் ஹிக்மன் மணிக்கு 136.358 மைல் சராசரியில், 17 நிமிடத்துக்குள் அதனைச் சுற்றி முடித்தார். இப்புகழுக்குத் தீவு கொடுத்த விலையும் சிறிதன்று. அப்பாதையில் நடந்த ஓட்டங்களிலும் பயிற்சிகளிலும் 250க்கு மேற்பட்ட ஓட்டவீரர் உயிர் துறந்துள்ளனர்.

இங்கே கற்றடைத்த டயரின் வரலாற்றையும் ஒரு சிறிது கூறல் வேண்டும். மான் தீவிலிருந்து மேற்றிசையிற் கடலைக் கடந்தால் வட அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரம். அங்கே மிருக வைத்தியராயிருந்த ஜோன் பொய்ட் டன்லொப் என்பவர், தம் சிறுவனுடைய முச்சக்கர வண்டி கல்வீதியிற் குலுங்காதோட வேண்டி, இறப்பர்க் குழாயிற் காற்றை அடைத்துச் சில்லிற் கட்டினார். 1888 இல் அதற்கு உரிமைப் பத்திரமும் பெற்றார். இதே எண்ணத்துக்கு ரொபேட் வில்லியம் தொம்சன் 1845 இலேயே உரிமை பெற்றிருந்தாராயினும், உலகம் அதனை மறந்துவிட்டிருந்தது. தந்தை ஒருவர் தம் மகனின் நலத்துக்காகச் செய்த பொருளே டயர் என்பதை எண்ணுந்தோறும் தமக்கையாரின் சொற்கள் எம் காதில் ஒலித்தன.

டக்ளஸ் நகரில் நாம் தங்கிய விடுதியின் முற்றத்தில் மருமகன் தன் வண்டியை நிறுத்தி, டயரை எமக்குப் பெருமையோடு காட்டினான். பந்தய ஓட்டத்திடலுக்கென்றே செய்யப்பட்ட மென்மையான இறப்பர். நீர் போகும் பள்ளங்கள் ஓரிரண்டு பெயரளவிலே கீறப்பட்டிருந்தன. விளிம்புகள் அறவே மொட்டை. தீவின் வடபால், ஜர்பி என்னும் ஊரில், பழைய விமானத்தளத்தில் மோட்டார்ச் சைக்கிள் ஓட்டத்திடல் ஒன்று உண்டு. முதல் நாள் அங்கே ஓடுவதும், மறுநாட் காலை அதே டயருடன் மலைப்பாதையைச் சுற்றிவருவதும் அவனுடைய திட்டம்.

"மாமா, இதைப் போட்டால் றோட்டிலே பசைபோல ஒட்டும். இந்த மலைப்பாதையிலே சம்பியன்மார் ஓடுவது முழு மொட்டை டயரிலேதான். அவர்களுக்குச் சரியானது எனக்குப் பிழையாகுமா?" என்றான்.

கேள்வி நியாயமானதே. நம் நாட்டில் மொட்டை டயர் என்றால் தேய்ந்து கழிக்கப்பட்டதென்பது பொருள். பந்தயத்திலோ 'ஸ்லிக்' எனப்படும் புத்தம்புது டயரே மொட்டையாக வருகிறது. பள்ளம் என்பது நீரை வெளியேற்றுவதற்கு மட்டுமே உரியது. உலர்ந்த தரையிற் பள்ளமில்லாத டயரே நிலத்தை நிறையத் தொடும். ஆகவே, மருமகனின் கேள்விக்கு விடையிறுக்க வல்ல ஒருவரைத் தேடி, நகரின் ஒதுக்குப்புறத்திலிருந்த டயர்க்கடை ஒன்றுக்கு அவனையும் அழைத்துக்கொண்டு சென்றோம். கடைக்காரர் எழுபதைத் தாண்டியவர். கைவிரல்களில் இறப்பர்க் கருமை ஏறிப்போயிருந்தது.

அவர் வண்டியைச் சுற்றி வந்து, முதலிற் பின் டயரின் பக்கச்சுவரில் இருந்த எழுத்துக்களை எம்மை வாசிக்கச் சொன்னார். 190/55 ஸெட்.ஆர். 17 என்றிருந்தது. 190 என்பது மில்லிமீற்றரில் அகலம். 55 என்பது அவ்வகலத்தில் நூற்றுக்கு இத்தனை பங்கு டயரின் உயரம் என்பது. 17 அங்குலம் சில்லு வளையத்தின் விட்டம். ஆர் என்னும் எழுத்து உள்ளிழைகள் ஆரைவாக்கிற் செல்வதையும், ஸெட் என்னும் எழுத்து மணிக்கு 240 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தைத் தாங்க வல்லதென்பதையும் குறிக்கும். வேறோரிடத்தில் நான்கு இலக்கங்கள் இருந்தன. அவற்றுள் முதலிரண்டும் டயர் பிறந்த வாரம், பின்னிரண்டும் ஆண்டு. "மனிதனைப்போல டயருக்கும் வயதுண்டு, இறப்பர் இறுகிப்போனால் வடிவு இருந்தும் பயனில்லை" என்றார் முதியவர்.

பின்னர் அவர் கூறியவற்றை மாணவ நண்பர்களுக்குப் பயன்படுமென்று கருதி இங்கே தொகுத்துத் தருகின்றோம்.

இருநூறு கிலோகிராம் நிறையுடைய வண்டியும் அதன்மேல் இருப்பவனும் நிலத்தைத் தொடுவது இரண்டே இரண்டு இடங்களில், ஒவ்வொன்றும் உள்ளங்கையளவு. வளைவிற் சாயும்போது அவ்வுள்ளங்கைகளே வண்டியைப் பிடித்து வைத்திருக்கின்றன. ஒருவன் 45 பாகை சாய்ந்து வளைவானாயின், அவனும் வண்டியும் சேர்ந்த நிறைக்கு ஏறக்குறையச் சமமான விசை டயரைப் பக்கமாகத் தள்ளுகின்றது என்பது எமது பௌதிக வகுப்பு மாணவருக்கும் தெரிந்த கணக்கு.

அப்பிடிப்பைத் தருவது இறப்பரின் மென்மை. மென்மையைத் தருவது சூடு. பந்தய இறப்பர் சமைக்கப்பட்டிருப்பதே பெருஞ்சூட்டில் வேலை செய்வதற்காக. ஆகவேதான் ஓட்டத்துக்கு முன் மின்போர்வையாற் சுற்றி 80 பாகை சென்ரிகிரேட் அளவுக்கு அதனைச் சூடாக்குவர். ஓடத் தொடங்கிய பின் கடும் பிறேக்கும் கடும் முடுக்கமும் டயரை நசுக்கி நசுக்கி அச்சூட்டைக் காக்கும். பொதுவீதியிற் செல்பவனோ மாட்டுக்கும் பேருந்துக்கும் சந்திக்கும் ஒதுங்கிச் செல்ல வேண்டியவன். அவனுடைய டயர் அச்சூட்டை எட்டாது. எட்டினாலும் ஐந்து நிமிடத்தில் குளிர்காற்றிற் பறிகொடுத்துவிடும். குளிர்ந்த பந்தய இறப்பர் இறுகிய பலகைக்கு ஒப்பு. வீதிக்கெனச் செய்யப்படும் டயரில் சிலிக்கா என்னும் பொருளை மிகுதியாகக் கலப்பதால், அது குளிரிலும் ஈரத்திலும் விரைவில் இளகிப் பிடிக்கும். அன்றியும், நெடுஞ்சாலையில் நிமிர்ந்து ஓடும்போது நடுப்பகுதியே தேயுமாதலின், நடுவில் வலிய இறப்பரும் இரு தோள்களிலும் மெல்லிய இறப்பருமாக ஒரே டயரில் இருவகை வைப்பதும் உண்டு.

"சம்பியன் ஓடும் பாதையும் நீ ஓடும் பாதையும் ஒன்றென்று நினைக்கிறாய். அவனுக்குப் பாதை மூடப்பட்டிருக்கும். எதிரே வருவார் இல்லை. ஒவ்வொரு இரண்டு சுற்றுக்கும் பெற்றோல் நிரப்ப நிற்கும்போது பின் டயரை மாற்றிக்கொடுக்க ஆட்கள் உண்டு. உனக்கு இவற்றுள் எது உண்டு?" என்று முதியவர் கேட்டார். மருமகன் விடை கூறவில்லை. ஆயினும் அவன் முகத்தில் இணக்கம் தோன்றவில்லை. அன்று மாலை வரை யோசித்துச் சொல்வதாகக் கூறி வெளியே வந்தான். இருபத்தாறு வயதில் எம் சொல்லை மட்டும் கேட்டு யார் மனம் மாறுவர்? எனவே பாதையே அவனுக்குச் சொல்லட்டுமென்று, விடுதிக்காரரின் காரில் அவனையும் ஏற்றிக்கொண்டு சுற்றைப் பார்க்கப் புறப்பட்டோம்.

தொடக்கத் திடலைத் தாண்டியதும் பிறே ஹில் என்னும் இறக்கம். இருபுறமும் குடிமனைகள், மதில்கள், தபாற்பெட்டிகள். பந்தய நாளில் வீரர் இவற்றிடையே அம்பெனப் பாய்வர். மேற்கே சென்று வலப்புறம் திரும்பினால் கிளென் ஹெலன் பள்ளத்தாக்கு. வானை மறைக்கும் மரங்கள் வழியின் மேற் கவிந்திருந்தன. வெளியே வெயில் காய்ந்துகொண்டிருக்க, அம்மரநிழலிலே முந்திய இரவின் மழை இன்னும் உலராமல், கரும்பட்டைகளாய் வீதியிற் கிடந்தது. மருமகன் காரின் கண்ணாடியைத் தாழ்த்தி அதனைப் பார்த்துக்கொண்டே வந்தான்.

கேர்க் மைக்கேல் ஊரின் ஒடுங்கிய தெருவைக் கடந்தால் பலாஃப் பாலம். கூனல் முதுகுபோன்ற அச்சிறு பாலத்தின்மேல் பந்தய வண்டிகள் இரண்டு சில்லும் நிலத்தை விட்டெழப் பறந்து இறங்குகின்றன. நிலத்தைத் தொடும் கணத்தில் டயர் தாங்கும் அடி எத்தகையதென்பதை ஊகித்துக்கொள்ளலாம். அப்பால் சல்பி நேர்பாதை; பின் ரம்சி நகரம். அதனை விட்டு நீங்கியதும் வீதி கொண்டையூசிபோல வளைந்து மலையேறத் தொடங்குகின்றது. விழாக் காலத்தில் ரம்சியிலிருந்து மலைமேல் ஒரு திசையாகவே வண்டிகள் விடப்படுகின்றன. பல பகுதிகளில் வேக எல்லையும் இல்லை. விழாவின் நடு ஞாயிறன்று வந்தோரெல்லாம் இம்மலைப்பாதையிற் குவிந்து ஓடியதால், அந்நாளுக்குப் 'பித்தர் ஞாயிறு' என்றே பெயராயிற்று.

கடல்மட்டத்தின் அண்மையிலிருந்து 1,300 அடிக்கு மேல் ஏறியபோது காற்றின் தன்மையே மாறிவிட்டது. கீழே மேற்சட்டையைக் கழற்றியிருந்த நாம் மேலே கழுத்துவரை பொத்தானிட்டோம். 'பங்களோ' என்னும் இடத்தில் மலைப் புகையிரதத்தின் தண்டவாளம் வீதியைக் குறுக்கறுக்கின்றது. 1895 ஆம் ஆண்டு முதல் இப்புகையிரதம் மின்சாரத்தால் 2,036 அடி உயரமுள்ள ஸ்னேபெல் உச்சிக்கு ஏறிக்கொண்டிருக்கின்றது. அங்கிருந்து நோக்கினால் மான், இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ், வானுலகம் ஆகிய ஆறு இராச்சியங்களையும் காணலாம் என்பர். அன்று எமக்கு வானுலகமும் தெரியவில்லை. மனனானின் போர்வை மட்டுமே தெரிந்தது. தண்டவாளத்தின் இரும்பில் ஈரம் பளபளத்தது.

அவ்விடத்தில் ஜோயி டன்லொப் என்னும் வீரரின் வெண்கலச் சிலை பாதையை நோக்கி நிற்கின்றது. இத்தீவில் 26 முறை வென்றவர் அவர். 2000 ஆம் ஆண்டு எஸ்தோனியாவில், மழையில் நனைந்த வீதியோட்டம் ஒன்றில், மரத்தில் மோதி உயிர் நீத்தார். அவருடைய சாதனையை அவருடைய தம்பி மகன் மைக்கேல் டன்லொப் கடந்ததும் நாம் சென்ற அதே 2024 ஆம் ஆண்டிலேதான். சிலையின் முன் மருமகன் நெடுநேரம் நின்றான். பிறகு குனிந்து தண்டவாளத்தை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "மாமா, ஆறு மணிக்குள் அந்தக் கிழவர் கடை பூட்டிவிடுவாரோ?" என்று கேட்டான்.

கடை திறந்தே இருந்தது. பந்தய டயர்கள் கழற்றப்பட்டு, ஆழ்ந்த பள்ளங்கள் கொண்ட வேகவீதி டயர்கள் பூட்டப்பட்டன. அவற்றாலும் ஜர்பித் திடலில் ஓடலாம். சில விநாடிகள் கூடச் செல்லும், அவ்வளவே. முதியவர் அத்துடன் விடவில்லை. புது டயரின் மேற்பரப்பு வழுக்குமாதலின் முதல் நூறு மைலும் நிதானமாகச் செல்லுமாறு பணித்து, காற்றளவையும் எழுதிக் கொடுத்தார். வீதியில் முன்சில்லுக்குச் சதுர அங்குலத்துக்கு 36 இறாத்தல், பின்சில்லுக்கு 42. திடலில் இரண்டையும் 30 அளவுக்குக் குறைத்தல் வேண்டும். திடலை விட்டு வரும்போது மறவாமல் ஏற்றுதல் வேண்டும். ஏன் குறைப்பது? 20 பாகைச் சூட்டில் 30 இறாத்தல் காற்று, டயர் 80 பாகைக்குச் சூடாகும்போது ஏறக்குறைய 39 ஆகிவிடும். குறைத்து வைத்தாலே ஓடும்போது அளவு சரிவரும். வாயுக்களின் விதியைக் கரும்பலகையிற் பல்லாண்டு எழுதிவந்த எமக்கு, அவ்விதி ஒரு பிள்ளையின் உயிரைத் தாங்குவதைக் கண்ணெதிரே கண்டது அன்றுதான்.

ஜர்பியில் அவன் மனங்கொண்ட மட்டும் ஓடினான். மறுநாட் காலை மலைப்பாதைக்குச் சென்றபோது, நாம் மலையின் தென்சரிவில் கிறெக்-னி-பா என்னும் விடுதி முன் காத்திருந்தோம். மேலே போர்வை இன்னும் விலகவில்லை. சொல்லிச்சென்ற நேரத்துக்கு மேல் கால்மணி கழிந்தது. மூடுபனிக்குள்ளிருந்து விளக்குகள் ஒவ்வொன்றாய் வெளிப்பட்டன, ஒவ்வொன்றும் வேறொருவருடையது. ஏழாவது விளக்கு அவனுடையது. நிதானமாக வந்து நிறுத்தி, தலைக்கவசத்தைக் கழற்றி, "மேலே றோட்டெல்லாம் நனைந்து கிடக்கிறது, மாமா. பங்களோவிலே நடைவேகத்தில்தான் கடந்தேன். அம்மாவுக்கு நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்" என்றான். எடுத்துச் சொன்னோம்.

டயரைத் தெரிவு செய்வோர் தம்மை உள்ளபடி அறிந்தே தெரிவு செய்தல் வேண்டும். எவ்விடத்தில் ஓடுகிறோம், எக்காலநிலையில், எத்தனை தூரம், எத்துணைத் திறமையுடன் என்ற வினாக்களுக்கு உண்மையான விடை கூறுபவன் சரியான டயரை வாங்குவான். தான் ஆக விரும்பும் வீரனுக்கென்று வாங்குபவன் தனக்குப் பொருந்தாததை வாங்குவான்.

இப்பொருளில் எமது நாட்டுக்கும் உரிமை உண்டு. 1876 ஆம் ஆண்டு பிரேசிலிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்ட இறப்பர் விதைகளில் முளைத்த நாற்றுக்கள் அவ்வாண்டிலேயே இலங்கைக்கு வந்து, கம்பஹாவை அடுத்த ஹெனரத்கொடத் தோட்டத்தில் நடப்பட்டன. ஆசியாவின் இறப்பர்த் தோட்டங்களுக்கு அது ஒரு தொடக்கம். வைகறையில் எழுந்து மரத்தைக் கீறிப் பால் சேர்க்கும் தொழிலாளரின் உழைப்பு இன்று உலகின் வீதிகளில் உருண்டு செல்கின்றது.

ஆயினும் எமது இளைஞர்கள் மோட்டார்ச் சைக்கிள் வாங்கும்போது எஞ்சினின் வலுவைக் கேட்கிறார்கள், நிறத்தைக் கேட்கிறார்கள். டயரைக் குனிந்து பார்ப்பவர் சிலரே. பருவமழை தொடங்குமுன், வீட்டிலுள்ள வண்டியின் டயரில் அந்நான்கு இலக்கங்களையும் வாசித்துப் பாருங்கள். பள்ளத்தின் ஆழத்தையும் பாருங்கள். வாரத்துக்கொருமுறை, சில்லு குளிர்ந்திருக்கும் வேளையில், காற்றை அளந்துகொள்ளுங்கள். இதற்குச் செல்வது ஐந்து நிமிடமே. படலையடியில் நின்று வழி பார்த்திருக்கும் தாய்க்கு அந்த ஐந்து நிமிடம் பெரிது.